சுகம் விசாரித்தல்

பேர்ணில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் இருபது ஸ்பானிய வசனங்கள், பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. தோந்தே எஸ்தா: எங்கே இருக்கிறது. குவாந்தோ குவெஸ்தா: என்ன விலை. தியேனே ஊனா காமா: கட்டில் ஒன்று இருக்கிறதா. நோ எந்தியெந்தோ: எனக்கு விளங்கவில்லை. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பேன். ஸ்பானிய மொழியில் கட்டிலுக்குக் காமா என்று பெயர் என்பதைக் கேட்டு என் கணவர் ஒரு கிழமை சிரித்தார்.

அப்பா போன அடுத்த வருடம் அது. ஓகஸ்ட் கடைசியில் வேலையில் ஆறு கிழமை சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு நடக்கப் போனேன். பிரான்சின் எல்லையில் உள்ள சென் ஜோன் பியே தெ போர் என்ற சிறிய ஊரிலிருந்து பிரெனீஸ் மலையைக் கடந்து, ஸ்பெயினின் வடபகுதி முழுவதையும் குறுக்கறுத்துச் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவின் பேராலயம் வரை போகிற பாதை. ஏறக்குறைய 780 கிலோமீற்றர். கமீனோ என்றால் வழி. சந்தியாகோ என்பவர் வேறு யாருமல்ல, எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள் யாகப்பர் என்றும் சந்தியாகப்பர் என்றும் கும்பிடும் அதே அப்போஸ்தலர்தான். கிளாலியில் அவருக்குக் கோயில் இருக்கிறது. நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் சுவிஸ் தமிழருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மரியாஷ்டைன் மாதாவிடமும் ஐன்சீடெல்ன் கறுத்த மாதாவிடமும் நேர்த்தி வைத்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம் போகிறவர்கள் நாங்கள்.

ஏன் நடக்கிறாய் என்று வழியில் எல்லாரும் எல்லாரையும் கேட்பார்கள். உடற்பயிற்சிக்கு என்று சொல்லிவிடுவேன். அதற்குரிய ஸ்பானிய வசனமும் தாளில் இருந்தது.

தாளைத் தந்தவர் மாலை வகுப்பில் எங்களுக்குப் படிப்பித்த கொலம்பியப் பெண்மணி. பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகள். நல்ல ஆசிரியை, நாக்கை எங்கே வைப்பது என்று சுவரில் படம் கீறிக் காட்டுவார். புறப்படுவதற்கு முந்தின இரவு, பைக்குள் வைப்பதற்காகத் தாளைக் கழற்றி எடுத்தபோதுதான் ஒரு கணக்கைக் கவனித்தேன். இருபதில் பதினான்கு, கேட்பதும் கேள்வியும். தண்ணீர் கேட்பது, திசை கேட்பது, கட்டில் கேட்பது, விலை கேட்பது. நான்கு, நன்றியும் மன்னிப்பும். ஒன்று வணக்கம். ஒன்று ‘கோமோ எஸ்தா’, சுகமாக இருக்கிறீர்களா. யாராவது எனக்குப் பதில் சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அந்தத் தாளில் இருந்தவை இரண்டே இரண்டு: விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள். பயணியின் மொழி வாங்குகிறவனுடைய மொழி. அதைப் பிழை என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. நடந்து போகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

இப்படிப்பட்ட தாள்கள் அந்தப் பாதையில் மிகப் பழையவை. கொம்போஸ்தெலாப் பேராலயத்தில் கலிஸ்தினஸ் கோடெக்ஸ் என்ற 12ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி இருக்கிறது. அதன் ஐந்தாம் பகுதி யாத்திரிகருக்கான வழிகாட்டி. எந்த ஆற்றுத் தண்ணீர் குடிக்கலாம், எந்த ஓடக்காரன் ஏமாற்றுவான் என்பதையெல்லாம் எழுதிய அந்த ஆசிரியர், பாஸ்க் மக்களின் நாட்டைக் கடக்கிற இடத்தில் அவர்களுடைய சொற்களில் ஒரு சிறு பட்டியலும் தருகிறார். கடவுள், மாதா, பாண், வைன், இறைச்சி, மீன், வீடு, வீட்டுக்காரர், வீட்டுக்காரி, தேவாலயம், குருவானவர், கோதுமை, தண்ணீர், அரசன். பாஸ்க் மொழி பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று என்று மொழியியலாளர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதே பக்கங்களில் அதே மனிதர் அந்த மக்களைப் பற்றி எழுதியிருப்பவை வாசிக்கக் கூசும். அவர்கள் பேசுவதைக் கேட்டால் நாய் குரைப்பது நினைவுக்கு வருமாம். பாணுக்கும் தண்ணீருக்கும் அவர்களுடைய சொல்லைக் காதுகொடுத்து வாங்கி எழுதிக்கொண்ட அதே காதுதான் இது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து அந்த வழியாக வந்த கொலோன் பிரபு ஆர்னோல்ட் ஃபொன் ஹார்ஃப் தன் பாஸ்க் பட்டியலில் விலை கேட்பதோடு, அழகிய பெண்ணே என்னோடு படுக்க வா என்பதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தார். ஒருவருடைய தாளைப் பார்த்தால் அவர் எதற்காக வந்தவர் என்பது தெரிந்துவிடும்.

என் தாளில் அப்படி ஒன்றும் இல்லை என்ற நிம்மதியோடு நான் ரொன்செஸ்வாயெஸில் முதல் இரவு படுத்தேன்.

முதல் இரண்டு கிழமைகளும் சந்தோஷம்தான். மொழி என்னைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனது. ஈழத் தமிழருக்கு ஸ்பெயினில் ஒரு இரகசியச் சொத்து இருக்கிறது. கடையில் பான் என்றார்கள், எங்கள் பாண். மேசைக்கு மேசா, சப்பாத்துக்குச் சபாத்தோ, துவாய்க்குத் தோவாயா, அலுமாரிக்கு அர்மாரியோ. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் விட்டுப்போனார்கள். போகும்போது எடுத்துச் செல்ல மறந்த சாமான்கள் இவை. ஸ்பானியம் போர்த்துக்கேயத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் என்பதால் பாதி வீட்டுச் சாமான் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இலக்கணமும் அப்படித்தான். எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது என்று ‘எனக்கு’ போட்டுத்தான் அவர்களும் சொல்கிறார்கள். மே துவேலே எல் பியே. எனக்குக் கால் வலிக்கிறது. வலி என்பது நான் செய்கிற காரியமல்ல, எனக்கு வந்து சேருவது என்று இரண்டு மொழிகளும் ஒரே மாதிரி நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லிச் சொல்லி நடந்தேன்.

லா ரியோகாவில் திராட்சை அறுவடைக் காலம். அங்கே ஒரு ஊரில் காலையில் பாண் வாங்கப் போனேன். முதுகில் பை, பையில் யாத்திரிகர் எல்லாரும் தொங்கவிடுகிற அந்தச் சிப்பி. என் இரண்டு வசனங்களைக் கேட்டுக் கடைக்காரப் பெண் கைதட்டினாள். எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள் என்றாள். அன்று மாலை, கால் கொப்புளத்துக்கு மருந்து வாங்க, பையையும் சிப்பியையும் விடுதியில் வைத்துவிட்டு, ரப்பர்ச் செருப்போடு ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். அதே நாக்கு, அதே போர் ஃபாவோர். மருந்துக்காரர் நிமிரவில்லை. நான் சொன்னதற்கு வேகமாக ஏதோ சொன்னார். மெதுவாக என்றேன். மூச்சை விட்டு, பெட்டியைத் தூக்கிக் காட்டி, விலையை விரலில் காட்டினார். காசு எடுக்கும்போது என் யாத்திரிகர் அட்டை, ஒவ்வொரு விடுதியிலும் முத்திரை குத்துகிற அந்த மடிப்பு அட்டை, மேசையில் விழுந்தது. ‘ஆ, பெரெக்ரீனா’ என்றார். யாத்திரிகையா! குரல் அப்படியே மாறியது. எந்த மருந்தை எத்தனை தரம் பூசுவது என்று சொல்லுக்குச் சொல் நிறுத்தி விளங்கப்படுத்தினார், ஒரு பிளாஸ்டர் இலவசமாகத் தந்தார்.

அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அந்த மாதத்தில் அந்த ஊரில் என் நிறத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் திராட்சை வெட்ட வந்தவர்கள். என்னைவிடப் பல மடங்கு நல்ல ஸ்பானியம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு யாரும் கைதட்டுவதில்லை. பெரெக்ரீனோ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு அந்நியன், வெளிநாட்டான் என்றுதான் பொருள். சிப்பி தொங்கினால் அது யாத்திரிகன், தொங்காவிட்டால் பழைய பொருள்.

அப்பா 1985இல் சுவிஸுக்கு வந்தார். பாத்திரம் கழுவிய உணவகத்தின் சமையலறையில் அவரோடு நின்ற இரண்டு பேர் கலீசியர்கள், ஸ்பெயினின் வடமேற்கு மூலைக்காரர். அதனால் அப்பாவின் வாயில் முதலில் ஏறிய ஐரோப்பிய மொழி ஜேர்மன் அல்ல. ‘கலியெந்தே’, சூடு. ‘குயிதாதோ’, கவனம். அம்மாவும் நாங்களும் 1990இல் வந்து சேர்ந்த பிறகு, வீட்டில் சோற்றுப் பானையை வடிக்கத் தூக்கும்போதும் ‘குயிதாதோ’ என்றுதான் கத்துவார். நானும் தம்பியும் அதை ஜேர்மன் என்று நினைத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிப்பு வாங்கினோம். லொக்ரோஞோவில் ஒரு நெரிசலான கடையில் பின்னாலிருந்து யாரோ அப்படிக் கத்த, திரும்பிப் பார்த்தேன். தட்டோடு ஒரு பெடியன்.

அப்பாவின் ஜேர்மன் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நானூறு சொல்லுக்கு வந்திருந்தது. ஒரு வினையையும் வளைக்க மாட்டார், எல்லாம் அகராதியில் இருக்கிறபடியே வரும். ஒரு அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்து, இத்தனை வருடத்துக்கு இவ்வளவுதானா உன் அப்பாவுக்கு ஜேர்மன் என்று கேட்டார். நானூறுக்கு அந்தக் கேள்வி. இருபதுக்குக் கைதட்டல். போகப்போகிறவர் தடக்கித் தடக்கிப் பேசினால் மரியாதை, தங்க வந்தவர் தடக்கினால் குறை. இந்தக் கணக்கை நடந்துகொண்டே பல நாள் போட்டுப் பார்த்தேன். கோபத்தோடுதான் போட்டேன். கணக்கில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, அப்பாவின் பக்கம்தான்.

அந்த நிச்சயம் மெசேத்தாவில் போனது.

மெசேத்தா, பூர்கோஸுக்கும் லெயோனுக்கும் இடைப்பட்ட மேட்டுச் சமவெளி. அறுத்துக் காய்ந்த கோதுமை வயல், நிழலில்லை. கரியோன் தெ லோஸ் கொந்தெஸைத் தாண்டினால் 17 கிலோமீற்றருக்கு ஒரு வீடுகூட இல்லை. அதற்கும் அப்பால், மண்சுவர் வீடுகள் பாதி இடிந்து நிற்கும் ஒரு கிராமத்தில், தண்ணீர்க் குழாயடி வாங்கில் ஒரு கிழவர் தனியே இருந்தார். கம்பளித் தொப்பி, கையில் தடி. நான் போத்தலை நிரப்பிவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோமோ எஸ்தா, என்றேன். உச்சரிப்பு எனக்கே திருப்தியாக இருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பதில் சொல்லத் தொடங்கினார். பத்து நிமிடம் இருக்கும். கண் எதிர்ச்சுவரில் இருந்தது, தடியால் மண்ணில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தினார். நான் பழக்கியிருந்தது வாயில் வந்தது: முய் பியென், கிராசியாஸ். மிக நல்லது, நன்றி.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, புவென் கமீனோ, என்றார். நல்ல வழி அமையட்டும். எல்லாரும் எல்லாருக்கும் சொல்வது.

இருநூறு அடி போயிருப்பேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னதில் எனக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மி முஹேர், என் மனைவி. மூரியோ, இறந்துபோனாள். இரண்டும் வகுப்பில் படித்த சொற்களே. திரும்பிப் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்பது ஒரு காரணம். அடுத்த விடுதியில் கட்டில்கள் நிரம்பிவிடும் என்பது மற்றக் காரணம். இரண்டாவதே பெரிய காரணமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதை அன்றிரவு கூட நடந்த ஒரு டச்சுக்காரரிடம் சொன்னேன். நீ வீணாக வருத்தப்படுகிறாய் என்றார். சுகமா என்பது கேள்வியே அல்ல, தொப்பியைத் தூக்குவது போன்ற ஒரு சைகை. உலகத்தில் யாரும் அதற்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் கிழவர்தான் விதியை மீறினார். இதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரிலும் ‘எப்பிடி, சுகமே?’ என்றால் ‘ஓம், இருக்கிறம்’ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போகிறவர்கள்தான் எல்லாரும். அந்தச் சடங்கு இரண்டு பேரையும் காப்பாற்றுகிறது. தெருவில் காண்கிற ஒவ்வொருவரும் உண்மையான பதிலைச் சொல்லத் தொடங்கினால் ஒருவரும் சந்தைக்குப் போய்ச் சேர முடியாது. ஆனால் நான் சைக்கிளில் போகவில்லையே. பையைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய வாங்கில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நடந்துகொண்டே சொன்னால் வணக்கமாக இருந்திருக்கும். உட்கார்ந்து கேட்டதால் அது கேள்வியாகிவிட்டது. அவருக்கு அது தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

கைப்பேசி எதற்கு இருக்கிறது என்றும் அவர் கேட்டார். உண்மைதான், என்னிடம் மொழிபெயர்க்கிற செயலி இருந்தது. பலர் விடுதிகளில் அதைக் கிண்ணம் போல நீட்டுவார்கள், மற்றவர் அதற்குள் பேசுவார். கட்டிலுக்கும் மருந்துக்கும் அது அருமையான சாமான். மனைவி செத்ததைச் சொல்கிற ஒருவரின் வாய்க்கு நேரே அதை நீட்டுவதா என்று எனக்குத் தெரியாது. நீட்டியிருந்தால் முய் பியென் என்று சொல்லியிருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

அன்று இரவு நித்திரை வரவில்லை, ஆனால் கிழவரால் அல்ல. அந்த ‘மிக நல்லது’ எனக்கு எங்கேயோ பழக்கமாக இருந்தது. நான் இதை முன்பும் செய்திருக்கிறேன்.

1996 தை மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறதென்று ஒரு வைத்தியரிடம் போனோம். புலம்பெயர்ந்த வீடுகளில் மூத்த பிள்ளைக்குக் கிடைக்கிற உத்தியோகம் எனக்கும் கிடைத்திருந்தது: கடிதம் வாசிப்பது, படிவம் நிரப்புவது, வைத்தியரிடம் கூடப் போவது. வைத்தியர் கேட்டார், எப்படி இருக்கிறீர்கள். நான் தமிழில் கேட்டேன். அப்பா சொல்லத் தொடங்கினார். ஒக்ரோபர் கடைசியில் வலிகாமம் முழுக்க எழும்பி ஓடினபோது அப்பாச்சியையும் கொண்டு ஓடினார்கள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் அவ கண்ணை மூடினா. “எனக்குச் செய்தி வரவே ஆறு கிழமை பிள்ளை. நான் மூத்தவன். ஆரோ கொள்ளி வைச்சிருக்கினம். அண்டையில இருந்து படுத்தா நெஞ்சுக்க ஏதோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு.” இன்னும் சொன்னார். கன நேரம் சொன்னார். வைத்தியர் என்னைப் பார்த்தார், பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொள்ளி வைப்பதற்கு ஜேர்மனில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் கண் கலங்குவதை அந்த வெள்ளை அறையில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொன்னேன்: “நித்திரை குறைவாம். மற்றப்படி நல்லா இருக்கிறாராம்.”

நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்கள். ட்ராம் தரிப்பிடம் வரைக்கும் அப்பா பேசவில்லை. நானூறு சொல்லில் ‘நல்லா’ என்பதும் ஒன்று என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ட்ராம் வரும்போது சொன்னார்: “சுருக்கமா நல்லாச் சொன்னனீ பிள்ளை.”

அந்த வைத்தியரிடம் எனக்குப் பல வருடம் கோபம் இருந்தது. அந்த அலுவலகக்காரரிடம் இருந்தது போல. அவர்கள் கேட்டார்கள், கேட்கவில்லை என்று சொல்லலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வினவுவதும் கேட்பது, காதில் வாங்குவதும் கேட்பது. மற்ற மொழிகளில் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், அதனால் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்யாமல் போவது அவர்களுக்குச் சுலபம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பொய். நான் தமிழ்ப் பிள்ளை, நான்தான் வெட்டினேன்.

இன்னொரு சொல்லும் அந்த நாட்களில் என்னோடு நடந்தது. செத்த வீட்டுக்குப் போய்வருவதை நாங்கள் துக்கம் விசாரிப்பது என்கிறோம். ஆறுதல் சொல்லுவது என்பதைவிட இதுதான் பழகிய பேச்சு. அங்கே போகிறவர் சொல்வதற்கு ஒரு வசனமும் மனப்பாடமாகக் கொண்டுபோவதில்லை. பாயில் இருந்துகொண்டு கேட்பார்கள். எப்ப நடந்தது? எங்க? ஆர் பக்கத்தில இருந்தது? தெரிந்த பதிலாக இருந்தாலும் கேட்பார்கள். வீட்டுக்காரர் இருபதாவது ஆளுக்கும் முதலிலிருந்து சொல்வார். ஆறுதல் கேள்வியில் இருந்தது. அதே வினைச்சொல்லின் மறுபக்கம் விசாரணை. சோதனைச் சாவடியில் நடந்ததும், அகதி மனுவுக்குச் சுவிஸில் நாள்முழுக்க நடந்ததும் அதுதான். அங்கேயும் எப்ப, எங்க, ஆர் கூட இருந்தது என்றே கேட்டார்கள். அப்பாவை இந்த நாட்டில் நிறையப் பேர் விசாரணை செய்திருக்கிறார்கள். விசாரித்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். அந்தக் கலீசியர்கள் இருவரும் விசாரித்திருக்கக்கூடும், எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. எனக்கு மொழி தெரிந்திருந்தது, அதுவும் இரண்டு.

லெயோனில் ஒரு நாள் தங்கினேன். விடுதி நடத்திய பெண்ணிடம், ஒருவர் சாவைச் சொன்னால் என்ன சொல்வது என்று கேட்டேன். லோ சியெந்தோ, என்றாள். என் தாளில் மன்னிப்புக்குப் பெர்தோன் என்றுதான் இருந்தது, தோளில் இடித்தால் சொல்வது. லோ சியெந்தோ என்றால் நேர்ப்பொருளில் அதை நான் உணர்கிறேன். இருபத்தோராவது வசனமாக எழுதிக்கொண்டேன். எழுதும்போதே சங்கடமாக இருந்தது. பத்து நிமிடப் பேச்சில் இரண்டு சொல் விளங்கிய ஒருத்தி, அதை நான் உணர்கிறேன் என்று சொல்வது முய் பியெனைவிட மரியாதையான பொய்தானே? இப்போதும் எனக்கு இதில் முழுத் தெளிவில்லை. மொழி அரைகுறையாக இருக்கிறவர்கள் கேட்கவே கூடாது என்றால், அப்பா வாழ்நாள் முழுக்க ஒருவரிடமும் சுகம் கேட்டிருக்க முடியாது. விளங்காமல் கேட்பது குற்றமில்லை. விளங்கியது போல எழும்பிப் போனதுதான் எனக்கு உறுத்தியது. நோ எந்தியெந்தோ என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்திருக்கலாம். தாளில் அது நான்காவது வசனம்.

ஓ செப்ரெய்ரோ மலையேற்றத்தோடு கலீசியா தொடங்குகிறது. பாதையில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான். பலகைகளில் எழுத்து மாறியது. புவென் கமீனோ என்பது போ கமிஞோ ஆனது, கிராசியாஸ் என்பது கிராசாஸ் ஆனது. விடுதியில் அறைத் திறப்பைத் தந்த அம்மா அதைச் சாவே என்றாள். நாங்கள் திறப்பு என்போம், தமிழ்நாட்டார் சாவி என்பார்கள். அவர்களுடைய சாவி இங்கே ஆணியில் தொங்கியது. கலீசியம் போர்த்துக்கேயத்தோடு கூடப் பிறந்த மொழி. பிராங்கோவின் ஆட்சியில் பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் அதற்கு இடமிருக்கவில்லை. 1978இன் அரசியலமைப்புக்குப் பிறகுதான் அது ஸ்பானியத்தோடு சேர்ந்து ஆட்சிமொழியானது. 1956 என்ற ஆண்டைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருகிற வீட்டில் வளர்ந்த நான், இந்தக் கிராமங்களுக்கு அரசு மொழியில் இருபது வசனமும், ஊர் மொழியில் ஒன்றும் இல்லாமல் வந்திருந்தேன். வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை என்பது காரணமாகாது. நானும் கேட்கவில்லை. வழியில் நான்கு சொற்களைப் பொறுக்கிக்கொண்டேன்.

கடைசிக்கு முதல் நாள். அர்சூவாவைத் தாண்டி, யூகலிப்டஸ் காடும் சோளத் தோட்டமுமாக வருகிற இடம். கால்களின் மேல் நிற்கும் தானியக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு வயதானவர் சோளப் பொத்தி உரித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தொட்டிருப்பார். போ தீயா, என்றேன். எந்த நாடு என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் இரண்டு பதில் வைத்திருப்பேன், அன்று சுயிசா என்று வந்தது. அவர் பொத்தியைக் கீழே போட்டார்.

“சுவிஸ் எங்கே? நான் பேர்ண் வேலை. லௌசான் வேலை. இருபத்தியிரண்டு வருஷம்.”

ஜேர்மன். ஒரு வினையும் வளையவில்லை. எல்லாம் அகராதியில் இருக்கிறபடி. நடுப்பாதையில் நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பருவகாலத் தொழிலாளராக வந்தவர்களுக்கு ஒன்பது மாத அனுமதிதான், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2002 வரை அந்தச் சட்டம் இருந்தது. அவர் கட்டடமும் சுரங்கமும், மரக் கொட்டிலில் எட்டுப் பேர், மனைவி இங்கே. எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் தான் கட்டியது என்று சொன்னார். இரண்டு எனக்குத் தெரியும். என் அப்பா பேர்ணில் சமையலறையில் கலீசியர்களோடு வேலை செய்தவர் என்றேன். பெயர் கேட்டார், எனக்கு முதற்பெயர்கள் மட்டும் தெரியும். அந்தப் பெயரில் இங்கே நூறு பேர் என்று சிரித்தார்.

பிறகு கேட்டார்: “அப்பா இன்னும் உயிர்?”

ஐந்து கிழமையில் யாரும் கேட்காதது. ‘நல்லா இருக்கிறார்’ என்பது வாய்வரைக்கும் வந்தது. இல்லை, என்றேன், போன வருடம்.

அவர் எழும்பி உள்ளே போனார். பேச்சு முடிந்தது என்று நினைத்துப் பையின் வாரை இறுக்கினேன். இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றை எனக்குப் பக்கத்தில் வைத்து, அது ஆடாமல் இருக்கக் காலடியில் ஒரு கல்லைத் தள்ளினார். பாதையில் சாரியாவிலிருந்து புறப்பட்ட பெரிய கூட்டமொன்று புவென் கமீனோ, புவென் கமீனோ என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டு போனது. ஓ பெத்ரோசோவில் கட்டில்களெல்லாம் இவர்களுக்குத்தான் என்று ஒரு நினைப்பு ஓடியது.

“எப்ப?” என்றார்.

பங்குனியில் என்றேன்.

“எங்க?”

ஆஸ்பத்திரியில். பேர்ணில்.

“நீ பக்கத்தில?”

இல்லை, என்றேன். அன்று இரவு நான் வீட்டுக்குப் படுக்கப் போயிருந்தேன். அதை எந்த மொழியில் சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் ஒரு பொத்தியை எடுத்து, உரிக்காமல், மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.